ஒற்றி வைத்த காணி அழிந்தால் யார் பொறுப்பு?

புங்குடுதீவுக் குடும்பம் ஒன்றின் பழைய றங்குப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு வகைக் கடதாசிகள் இருக்கும். ஒன்று சீதன உறுதி. மற்றது ஒற்றி உறுதி, அல்லது அடைவுச் சீட்டு. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்திப் பேரெடுத்தவர்கள் இத்தீவினர். கடை போட முதல் வேண்டும். முதலுக்கு ஊரிலுள்ள காணி வேண்டும், மனைவியின் நகை வேண்டும். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் கலவரங்களில் கடைகள் எரிந்தபோது மீண்டும் தொடங்குவதற்கு உதவியதும் அதே காணியும் நகையுந்தான். ஆகவே ஒற்றியும் ஈடும் அடைவும் இவ்வூருக்குப் புதிய சங்கதிகள் அல்ல.

புதியது, 1991 ஆம் ஆண்டுக்குப் பின்வந்த சிக்கல். அவ்வாண்டு இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்கள் ஏறக்குறைய முழு ஊராகவே வெளியேறினர். யாழ்ப்பாணத்தில் ஒதுங்கியவர்கள் 1995 இல் வலிகாமத்தாரோடு சேர்ந்து இன்னொரு தடவை இடம்பெயர்ந்தனர். சிலர் வன்னிக்குப் போயினர். சிலர் தமிழகம் சேர்ந்தனர். பலர் கனடா, பிரான்ஸ், சுவிற்சலாந்து என்று சிதறினர். திரும்பிவந்து வாணர் தாம்போதியைக் கடந்து தன் வளவுக்குள் கால்வைத்தவர் கண்டதென்ன? ஓடு இல்லை, வளை இல்லை, கதவு நிலை இல்லை. காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டிருந்தன. கிணறு தூர்ந்து கிடந்தது. அவ்வளவு ஒற்றி வைத்த வளவாகவும் இருந்துவிட்டால் பிணக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

“முதலைத் தாரும், காணியைத் தருகிறேன்” என்பார் ஒற்றிக்கு எடுத்தவர். “நான் உம்மிடம் தந்தது வீடும் பனையும். நீர் திருப்பித் தருவது குட்டிச்சுவர். முழுப் பணத்தையும் நான் ஏன் தரவேண்டும்?” என்பார் காணிக்காரர். இருவரும் பெரும்பாலும் உறவினர், ஒரே கோயில் வீதியில் திருவிழாப் பார்த்தவர்கள். இக்கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. கடன் கொடுத்தவர் தம் கைக்கு வந்த பொறுதிப் பொருளுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி, எந்த இடத்தில் அவர் பொறுப்பு நின்றுவிடுகிறது என்று அறிந்துகொண்டால் அரைவாசிப் பிணக்குகள் நீதிமன்றப் படி ஏறாமலே தீரும்.

ஒற்றி என்பது என்ன?

ஈட்டுக்கும் ஒற்றிக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் மறந்துவிட்டனர். ஈட்டில் காணி காணிக்காரர் கையிலேயே இருக்கும். கடன் கொடுத்தவருக்கு வட்டி போகும். ஒற்றியில் காணியைக் கடன் கொடுத்தவர் எடுத்து ஆளுகிறார். விளைவே அவருக்கு வட்டி. முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காணி மீளும். இது எங்கள் முன்னோர் வழக்கம். ஒல்லாந்த ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707 இல் எங்கள் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அத்தொகுப்பைப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். அதுவே தேசவழமை.

தேசவழமையில் ஒற்றியைப் பற்றிய பகுதியைப் படிக்கையில் அதை எழுதச் சொன்னவர்கள் மண்ணோடு வாழ்ந்தவர்கள் என்பது விளங்கும். காணிக்காரர் பணத்தோடு வந்து நின்றாலும் விதைத்த பயிரை அறுக்கும்வரை பொறுக்கவேண்டும். மீட்பதற்குரிய காலம் பயிரைப் பொறுத்தது. கடன் கொடுத்தவர் உழைப்பு வீணாகக்கூடாது, கடன்பட்டவர் காணியும் கைவிட்டுப் போகக்கூடாது என்ற இரண்டு எண்ணங்களும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

தேசவழமை பேசாத இடங்களில் எமது நாட்டின் பொதுச்சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டம் வந்து நிரப்புகிறது. பொறுப்பைப் பற்றிய விதிகளுட் பெரும்பாலானவை அங்கிருந்து வருவனவே.

ஓலை உமது, மரம் எனது

பொறுதிப் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதை ஒரு நல்ல குடும்பத் தலைவர் தம் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும். இதுவே அடிப்படை விதி. அதற்கு மேலும் கேட்க முடியாது, கீழும் விட முடியாது.

பனங்காணியை எடுத்துக்கொள்வோம். ஓலை, மட்டை, நொங்கு, பனங்காய், கிழங்கு, கருப்பநீர் எல்லாம் விளைவு. ஒற்றிக்கு எடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், கணக்குக் காட்டத் தேவையில்லை. ஆனால் மரம் விளைவு அல்ல, அது முதல். காய்க்கின்ற பனையைத் தறித்துச் சிலாகையும் தீராந்தியும் ஆக்கி விற்றால் அவர் காணிக்காரர் முதலில் கைவைத்தவராகிறார். அந்த நட்டத்துக்கு அவர் பொறுப்பு. ஒற்றிப் பணத்திலிருந்து அதைக் கழிக்கும்படி காணிக்காரர் கேட்கலாம். வடலிகளை அழித்துவிட்டுத் தோட்டம் செய்தாலும் அப்படியே.

கிணற்றின் கதை சற்று நுட்பமானது. தீவகத்தில் நல்ல தண்ணீர் என்பது மழையால் வந்து கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நீரியலார் கணக்கு. துலாவால் இறைத்த காலத்தில் இப்படை தப்பிப் பிழைத்தது. இயந்திரம் வைத்து நாள் முழுவதும் இறைத்தால் மேலே ஓரடி குறையக் கீழே உப்பு பல மடங்கு ஏறும். உவர் ஏறிய கிணற்றை மீண்டும் நல்லதாக்கப் பல மாரிகள் வேண்டும், சில வேளை ஆகாமலே போகலாம். ஒற்றிக்கு எடுத்தவர் ஓரிரு போகத்து இலாபத்துக்காகக் கிணற்றை உவராக்கிவிட்டால், தம் சொந்தக் கிணற்றை அவர் அப்படி இறைத்திருப்பாரா என்பதே நீதிபதி கேட்கவேண்டிய கேள்வி. என் மனத்துக்கு, பனையைத் தறிப்பதிலும் பார்க்க இது பெரிய நட்டம். ஆனால் கிணறு முன்பு நல்லதாக இருந்தது என்று நிரூபிக்கக் கடதாசி எங்கே? இங்கேதான் எங்கள் மக்கள் வழுக்கி விழுகிறார்கள்.

வீட்டுக்கும் இதே அளவுகோல். ஒழுக்குக்கு ஓடு மாற்றுவது, கறையானுக்கு மருந்து அடிப்பது போன்ற சாதாரண பராமரிப்பை ஒற்றிக்கு எடுத்தவர் செய்யவேண்டும். வீடு விழாமல் இருப்பதற்காகத் தவிர்க்கமுடியாத பெருஞ்செலவு செய்திருந்தால் அப்பணத்தைக் காணிக்காரரிடம் கேட்கலாம், கொடுக்கும்வரை காணியை விடாமலும் இருக்கலாம். ஆசைக்குப் பளிங்குத்தரை போட்டிருந்தால் அதற்குக் கேட்க முடியாது.

செல்லடிக்கு யார் பொறுப்பு?

இனி முக்கியமான இடம். போர், புயல், வெள்ளம் என்பன மனிதக் கவனத்துக்கு அப்பாற்பட்டவை. அவற்றால் பொருள் அழிந்தால் அதைக் கையில் வைத்திருந்தவர் பொறுப்பாளி அல்லர். பொருளின் சொந்தக்காரருக்கே நட்டம். இது பழைய உரோமர் காலம் முதல் மாறாத விதி. 1964 மார்கழிப் புயலில் பனைகள் சாய்ந்திருந்தால் ஒற்றிக்கு எடுத்தவரிடம் யாரும் இழப்பீடு கேட்டிருக்க முடியாது. 1991 இன் செல்லடியும் காவலரணுக்குப் பனை தறித்ததும் அதே கணக்கில்தான் சேரும்.

அத்தோடு நில்லாமல் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பொறுதிப் பொருள் அழிந்தாலும் கடன் அழிவதில்லை. பொருள் கடனுக்குத் துணையேயன்றிக் கடனே அன்று. ஆகவே குட்டிச்சுவரைக் கண்ட காணிக்காரரின் கேள்விக்குச் சட்டத்தின் விடை கசப்பானது. போரால் அழிந்த வளவாயின் அவர் முழு முதலையும் கொடுத்துத்தான் மீட்கவேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லையற்றது அல்ல. ஒற்றிக்கு எடுத்தவர் 1991 இல் ஓடியதற்கு அவரைக் குறைசொல்ல யாராலும் முடியாது. போய்வரப் பாதை திறந்து, அயலவர் வந்து குடியேறி, அவர் வெளிநாட்டிலிருந்து ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்பும் காலத்திலும் வளவை எட்டிப் பாராமல் விட்டாராயின்? ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துப் பார்க்கச் செய்திருக்கலாமே. போர் பிடுங்கிய ஓட்டுக்கு அவர் பொறுப்பல்லர். பிறகு பத்து மாரி நனைந்து விழுந்த சுவருக்கு அவர் மறுமொழி சொல்லவேண்டும். எது போரால் வந்தது, எது பாராமுகத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டும் சுமை யார் தலையில்? தம் குற்றமின்றி நிகழ்ந்தது என்று காட்டவேண்டியவர் பொருளைக் கையில் வைத்திருந்தவரே. கடன்பட்டவர்களுக்கு இது ஒரு சிறு பலம். இதைப் பலர் அறியார்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 1984 இல் நாலு பரப்புக் காணி 20,000 ரூபாவுக்கு ஒற்றி வைக்கப்பட்டது. அன்று அது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. இன்று காணிக்காரர் அதே 20,000 ரூபாவை நீட்டுகிறார். சட்டப்படி அது போதும். பணக்கடன் தொகையால் திருப்பிக் கொடுக்கப்படுவது, பெறுமதியால் அன்று. காணியின் விலையோ பன்மடங்கு ஏறியிருக்கும். ஏழெட்டு வருடம் மட்டும் காணியை ஆண்டு, பிறகு இருபது வருடம் அகதியாய் அலைந்த ஒற்றிக்காரருக்கு அந்தப் பணத்தில் இன்று என்ன வாங்க முடியும்? விளைவும் இல்லை, வட்டியும் இல்லை, முதலும் கரைந்துவிட்டது. கடன் கொடுத்தவர் என்றாலே கொழுத்தவர் என்று எழுதுவது எங்களைப்போன்ற சஞ்சிகைகளின் பழக்கம். தீவகத்தில் ஒற்றிக்குப் பணம் கொடுத்தவர்களில் கடைச் சிப்பந்தியாக நின்று உழைத்தவரும், பெண்பிள்ளையின் சீதனத்துக்குச் சேர்த்துவைத்த கைம்பெண்ணும் இருந்தனர்.

ஆதலால் இவ்வகைப் பிணக்குகளில் சட்டத்தின் விளிம்பில் நின்று வாதிடுவதைவிட இடையில் சந்திப்பதே நல்லது என்பது என் கருத்து. அழிவின் ஒரு பங்கைக் கடன் கொடுத்தவரும் பணவீக்கத்தின் ஒரு பங்கைக் காணிக்காரரும் தாங்கி, ஒரு தொகைக்கு உடன்பட்டால், அதை நொத்தாரிசு முன்னிலையில் மீட்புறுதியாக எழுதலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கு இதைக் கொண்டுபோகலாம். பங்குத் தந்தையோ கோயில் பரிபாலன சபையாரோ நடுவில் இருந்து பேசினாலும் நல்லது. ஆனால் முடிவு உறுதியில் ஏறவேண்டும். காணி பற்றிய எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின் முன் அது வெறுங் கடதாசியே.

“முப்பது வருடமாக என் கையில்”

சில ஒற்றிக்காரர் இன்னொரு வாதம் வைப்பர். “முப்பது, நாற்பது வருடமாக நாங்கள்தான் ஆளுகிறோம். ஆட்சி உரிமையால் காணி எங்களுடையது.” 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் பற்றிப் பேசுகிறது, உண்மை. ஆனால் அந்தப் பத்து வருட ஆட்சி சொந்தக்காரருக்கு எதிரான ஆட்சியாக இருக்கவேண்டும். ஒற்றிக்காரர் உள்ளே வந்ததே காணிக்காரர் அனுமதியோடு. வேறொருவரின் உரிமையை ஏற்றுக்கொண்டு உள்ளே வந்தவர், தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக மாற்றிக் காட்டாதவரை எத்தனை வருடம் இருந்தாலும் சொந்தக்காரர் ஆகமாட்டார். கோமறைக் கழகம் 1903 இல் நகுதா மரைக்கார் வழக்கில் உறுதிப்படுத்திய கோட்பாடு இது. எங்கள் நீதிமன்றங்கள் இதனை இன்றும் எடுத்தாளுகின்றன.

போர்க்காலத்தில் வெறுங்காணியில் புகுந்திருந்த அந்நியர் விடயம் வேறு. அதற்கென 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க வழிசெய்தது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் வழக்கு வைப்பதற்குக் குறுகிய தவணையே தரப்பட்டது. எங்கள் மக்களில் எத்தனைபேர் அதை அறிந்தனரோ. ஒற்றிக் காணிக்கு அச்சட்டம் இல்லாமலேயே காணிக்காரர் உரிமை நிற்கிறது என்பதே இங்கு கவனிக்கவேண்டியது.

ஒற்றி வைத்திருப்பதால் விற்கும்போது தனக்கே முதல் உரிமை என்று நினைப்பவரும் உளர். பழைய தேசவழமையில் அதற்கு இடமிருந்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் முன்விலைக் கொள்வனவு உரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் மட்டுமாகச் சுருக்கிவிட்டது.

அடைவு வைத்த நகை

நகையில் விதி ஒன்றே, வேதனை வேறு. அடைவு வைப்பதால் நகையின் சொந்தம் கைமாறுவதில்லை. பிடித்தவர் காவலாளி மட்டுமே. களவு போனாலும் தீப்பிடித்தாலும், தகுந்த பாதுகாப்புச் செய்திருந்தேன் என்று அவர் காட்டவேண்டும். காட்டிவிட்டால் அவர் பொறுப்பு நீங்கும், கடன் நிற்கும். காட்டத் தவறினால் நகையின் பெறுமதியிலிருந்து கடனையும் வட்டியையும் கழித்து மிகுதியைக் கொடுக்கவேண்டும். ஆனால் அந்தப் பெறுமதி பொன்னின் பெறுமதி. தாயின் தாலிக்கொடியை உருக்கிவிட்டார்கள் என்று ஒரு மகள் அழுதால், பவுன் கணக்குக்கு மேல் அவளுக்குச் சட்டம் எதுவும் தராது. தனியார் அடைவுகடைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அனுமதிப்பத்திரம் வேண்டும், சீட்டுக் கொடுக்கவேண்டும். சீட்டுக் கொடாமல் கொப்பியில் எழுதி வாங்குபவரிடம் நகையைக் கொடுப்பவர் தம் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்தவர்கள் கதை இதிலும் கடினமானது. இங்கே அரசியல் பேச நாம் வரவில்லை. ஓர் ஏழைத் தாயின் கையிலிருக்கும் சீட்டின் நிலை என்ன என்பதே எமது கேள்வி. கடன் கொடுத்த நிறுவனம் 2009 இல் இல்லாமற் போனது. வழக்கு வைக்க எதிராளி இல்லை. போர் முடிந்த பின் இராணுவம் எடுத்த நகைகளில் சில 2014 இல் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2025 மே மாதம் இன்னொரு தொகுதி இராணுவத்திடமிருந்து பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடைவு வைத்தவர் சொந்தக்காரராகவே இருக்கிறார் என்ற விதிதான் அவருக்கு மிஞ்சிய ஒரே பிடி. நகை யார் கையில் இருந்தாலும் அது தன்னுடையது என்று காட்டினால் கேட்கலாம். காட்டுவதற்குச் சீட்டோ, கலியாணப் படமோ, செய்த பத்தரின் குறிப்போ வேண்டும். பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையில் ஓடியவர்களிடம் இவை இருக்குமா என்று கேட்பது எளிது. ஆயினும் பழைய கலியாணப் படங்கள் வெளிநாட்டு உறவினர் வீடுகளில் இருக்கக்கூடும், தேடிப் பார்க்கவேண்டும்.

வங்கியில் வைத்த நகையில் விலை விழுந்தாலும் சிக்கல் உண்டு. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் பொன் விலை திடீரென விழுந்தபோது, மீட்பதைவிட விட்டுவிடுவது மேல் என்று பலர் சீட்டைக் கைவிட்டனர். ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால் மிகுதி கடன்பட்டவருடையது. குறைந்தால் குறைந்த பகுதிக்கு அவரே பொறுப்பு. முதற்பாதியைக் கேட்டுப் பெற்றவர்கள் எங்கள் ஊர்களில் மிகக் குறைவு.

அடைவு பற்றி விவிலியமும் பேசுகிறது. இணைச்சட்ட நூல் மாவரைக்கும் திரிகல்லை அடகாக வாங்குவதைத் தடுக்கிறது. அடகை எடுக்கக் கடன் கொடுத்தவர் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்கிறது. பிழைப்புக்கான கருவி பொறுதியாகக்கூடாது என்ற இந்த எண்ணத்தை, மீனவரின் இயந்திரத்தையும் வலையையும் ஈடாக எழுதிக்கொள்ளும் எமது கடன் திட்டங்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. நாம் நடத்தும் திட்டங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

வங்கிக்குக் கிடைத்த கவசம்

தனியார் ஒருவர் ஈட்டுக் காணியை விற்பதற்கு நீதிமன்றம் போகவேண்டும். வங்கி போகத் தேவையில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் வங்கியின் பணிப்பாளர் சபை தானே தீர்மானம் நிறைவேற்றிப் பகிரங்க ஏலத்தில் விற்க அதிகாரம் கொடுத்தது. பராட்டே என்று பத்திரிகைகளில் அடிபடும் சொல் இதுவே. தீர்மானத்தை வர்த்தமானியிலும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளியிடவேண்டும். கடன்பட்டவருக்கும் அனுப்பவேண்டும். ஏலத்துக்கு முன் நிலுவையையும் செலவையும் கட்டினால் ஏலம் நிற்கும். விற்ற பின் மிகுதியைக் கொடுக்கவேண்டும்.

இவையெல்லாம் கடன்பட்டவருக்குப் பாதுகாப்புகள். ஆனால் அதே சட்டத்தில் ஒரு சிறு வாசகம் இருக்கிறது. விற்பனைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதும், விற்பனை சட்டப்படி நடந்தது என்பதற்கு அச்சான்றிதழே முடிவான சான்று. வங்கியின் பொறுப்புக்கு இதைவிடப் பலமான எல்லை வேறில்லை. முறைகேடு இருந்தால் அதை ஏலத்துக்கு முன்பே நீதிமன்றத்தில் எழுப்பவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் காணி, அறிவித்தல் பூட்டிய வீட்டுப் படலையில் என்றால் யார் எழுப்புவது?

அமெரிக்காவின் வணிகச் சட்டக் கோவை இவ்விடத்தில் வேறு வழியில் போகிறது. கடன் கொடுத்தவருக்குக் கடன்பட்டவர் யாரென்றே தெரியாதிருந்தால் பொறுப்பு இல்லை என்று அங்கும் எல்லை உண்டு. ஆனால் வீட்டுப் பாவனைப் பொருளை முறைகேடாக எடுத்தாலோ விற்றாலோ, நட்டத்தை நிரூபிக்காமலே கடன்பட்டவர் ஒரு குறைந்தபட்சத் தொகையைப் பெறலாம். கடனுக்கான கட்டணமும் முதலில் பத்து வீதமும் சேர்ந்தது அது. நட்டத்தை நிரூபிக்க வசதியற்றவருக்கு இது எவ்வளவு துணை என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இங்கும் சில தளர்வுகள் வந்தன. கடன்பட்டவர் அல்லாத மூன்றாம் ஆள் ஈடாகக் கொடுத்த ஆதனத்தின்மேல் இந்த அதிகாரம் செல்லாது என்று ஹற்றன் நஷனல் வங்கி எதிராளியாக இருந்த வழக்கில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. அத்தீர்ப்பு 2006 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்தது. 2011 இல் 1 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த முதற்கடன்களுக்கு இவ்வழியை மூடியது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2024 இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, 2025 மார்ச் 31 வரை அந்நிறுத்தம் நீடிக்கப்பட்டது. திருத்தங்கள் அடிக்கடி வருகின்றன. அறிவித்தல் வந்த அன்றே சட்டத்தரணியைக் காண்பது அவசியம்.

தனியாரிடம் கடன்பட்டவர்கள் அறிந்திருக்கவேண்டிய பழைய விதி ஒன்றும் உண்டு. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, அறவிடக்கூடிய வட்டி நிலுவை முதலுக்கு மேற்படக்கூடாது. ஒரு இலட்சத்துக்கு வட்டி நிலுவை மூன்று இலட்சம் என்று கொப்பியைக் காட்டுபவரிடம் இதைச் சொல்லலாம். வங்கிகளுக்கு வேறு விசேட சட்டங்கள் இருப்பதால் அவற்றின்மேல் இதை அப்படியே ஏற்றிப் பார்க்கக்கூடாது.

புதிதாக ஒற்றி எழுதப் போகிறவர்களுக்கு

மடத்துவெளியிலும் இறுப்பிட்டியிலும் குறிகட்டுவானிலும் மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கியிருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களின் காணியை ஒற்றிக்கோ குத்தகைக்கோ எடுக்கிறார்கள். நொத்தாரிசு வழக்கமாக எழுதும் உறுதியில் காணியின் எல்லையும் பரப்பும் பணமும் இருக்கும். அதற்கு மேலும் எழுதச் சொல்லிக் கேட்கலாம், அவர் மறுக்கமாட்டார். காய்க்கும் பனை எத்தனை, வடலி எத்தனை, கூரை எந்த நிலையில், கிணற்று நீர் குடிக்கக் கூடியதா, இயந்திரத்தால் இறைக்க அனுமதி உண்டா, ஒருநாளில் எவ்வளவு நேரம் என்பன எழுதப்பட்டால் பின்னர் “முன்பு நன்றாக இருந்தது” என்று வாயால் சாதிக்கவேண்டி வராது. போராலோ புயலாலோ அழிந்தால் முதலில் எவ்வளவு கழிக்கப்படும் என்றும் எழுதலாம். சட்டம் ஒரு விதியை வைத்திருக்கிறது என்பதற்காக இருவர் உடன்பட்டு வேறு விதமாகப் பங்கிட்டுக்கொள்வதை அது தடுக்கவில்லை. நீண்ட தவணையாயின், மீட்கும் தொகையை ரூபாவில் மட்டும் குறிக்காமல் இருவருக்கும் நியாயமான வேறு அளவையொன்றோடு இணைப்பது பற்றியும் நொத்தாரிசிடம் கேட்கவேண்டும்.

எழுதிய உறுதியை 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டப்படி காணிப் பதிவகத்தில் பதியவேண்டும். பதியாத ஒற்றி, பின்னர் வந்து பதிந்த ஒருவரின் உறுதிக்கு முன் தோற்றுப்போகக்கூடும். பழைய ஒற்றி உறுதியை ஓட்டத்தில் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதிய ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவாளருக்கு அனுப்பப்படவேண்டும் என்பது விதி. உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் எழுதப்பட்ட திகதியும் தெரிந்தால், அல்லது காணியின் பெயராவது தெரிந்தால், யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பிரதி தேடலாம். இலக்கம் மறந்திருந்தால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். எல்லை விபரத்தில் உங்கள் பாட்டனாரின் பெயரும், ஒற்றிக்கு எடுத்தவரின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கக்கூடும்.